சமுதாயக் கூடம்

போடிநாயக்கனூர் ஒன்றியத்தில் சிலமலை ஒரு ஊராட்சி. இந்தப் பக்கத்து ஊர்களில் விடியுமுன்பே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறிவிடும். ஏலத்தோட்ட வேலை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். பகலில் பாதி ஊர் மலையில் இருக்கும். எல்லோரையும் ஒருசேரப் பார்க்க ஒரு விசேஷம் வரவேண்டும், அதற்கொரு கூடமும் வேண்டும்.

சமுதாயக் கூடத்தில் அலங்காரமாக ஒன்றும் கிடையாது. சிமென்ட் தரை, சுவரோரம் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலி, பின்னால் கரி பிடித்த சமையற்கட்டு. ஆனால் காதுகுத்து அன்று வாசலில் போடும் மொய் மேஜையைப் பாருங்கள். ஒருவர் பணத்தை எண்ணுவார். பக்கத்தில் இருப்பவர் ஊர், பெயர், தொகை என்று நோட்டில் ஏற்றுவார். முன்பு விசேஷ வீட்டார் செய்த மொய், இன்று திரும்பி வரும். வட்டியில்லாக் கடன் என்று சொல்லலாம். மறந்துபோனால் வரும் மனத்தாங்கலுக்கு மட்டும் வட்டி உண்டு!

தனியார் மண்டபத்தில் ஏ.சி. இருக்கும், வாடகை கேட்டால் வேர்க்கும். கூலி வாங்கும் வீட்டுக்கு ஊராட்சிக் கூடம்தான் தோது.

கிராம சபைக்கும் பல ஊர்களில் இதே இடம்தான். ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டத்தை 2022-இல் தமிழக அரசு ஆறாக்கியது. மார்ச் 22, நவம்பர் 1 புதிதாகச் சேர்ந்த நாட்கள். நவம்பரில் மலையில் ஏலக்காய் எடுப்பு நடக்கும். கூலியை விட்டுவிட்டு எத்தனை பேர் வருவார்கள்? சாயங்காலம் வைத்தால் கூடம் நிறையும் என்பது என் கட்சி.