‘டைம் கொடுங்க’ என்றால் எத்தனை அமர்வு?

முதல்முறையாகத் தெரபிக்குப் போகிறவரிடம் நண்பர்கள் தவறாமல் சொல்லி அனுப்பும் அறிவுரைகள் மூன்று. மனசு விட்டுப் பேசு. அவரோடு ஒத்துப்போகிறதா பார். உடனே சரியாகிவிடாது, டைம் கொடு. எதுவும் பொய்யில்லை, ஆனால் எதிலும் அளவு இல்லை. எதில் ஒத்துப்போக வேண்டும், எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? இதற்கெல்லாம் ஓரளவு விடை இருக்கிறது. அது தெரியாமல் போகிறவர் கட்டணம் கட்டும் பக்தராகிவிடுகிறார்.

முதலில் சினிமாவைக் கழித்துவிடலாம். சந்திரமுகி, அந்நியன் இரண்டும் 2005இல் வந்தவை. ஒன்றில் ஒரு பெரிய நாடகம் நடத்தி நோயை விரட்டுகிறார்கள்; மற்றதில் ஹிப்னாடிசத்தில் மூலகாரணம் வெளியே வந்து விழுகிறது. நிஜத்தில் முதல் அமர்வு வறட்சியானது. தூக்கம் எப்படி, பசிக்கிறதா, வேலைக்குப் போக முடிகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, குடிப்பழக்கம் உண்டா, தைராய்டு பார்த்தீர்களா என்று முக்கால் மணி நேரம் கேள்விகளிலேயே போய்விடும். அழுது தீர்க்க வந்தவர் ஏமாந்துதான் திரும்புவார்.

பல இடங்களில் பிஹெச்க்யூ-9 என்ற ஒரு தாளையும் நீட்டுவார்கள். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, சோர்வாக இருந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்ற நினைப்பு வந்ததா என்பது. அங்கே பேனா தயங்கும். அட்மிட் பண்ணிவிடுவார்களோ என்று பயந்து 0 போடுகிறவர்கள் உண்டு. இந்தத் தாளை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்காதீர்கள். பின்னால் கணக்குப் பார்க்க இதுதான் உதவும்.

சரி, பேசினால் குணமாகுமா? லண்டனில் ஹான்ஸ் ஐசங்க் 1952இலேயே இந்தச் சந்தேகத்தைக் கிளப்பினார்: சிகிச்சை பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறுகிறார்கள் என்றார். அதற்கு வலுவான பதில் 1977இல் வந்தது. மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 375 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, சிகிச்சை பெற்ற சராசரி ஆள் பெறாதவர்களில் முக்கால்வாசிப் பேரைவிட மேலான நிலையில் இருக்கிறார் என்று காட்டினார்கள். அந்தக் கணிப்பு சற்று தாராளமானது என்று பிற்பாடு தெரிந்தது. தரம் குறைந்த ஆய்வுகளையும், சாதகமற்ற முடிவுகள் அச்சேறாமல் போவதையும் கணக்கில் எடுத்தால் பலன் சுருங்குகிறது. ஆனால் மறைந்துவிடவில்லை. இன்னொரு பக்கமும் உண்டு: பெரியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் சிகிச்சையின்போதே மோசமாகிறார்கள். இதை யாரும் முதல் நாள் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

‘டைம் கொடு’ என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கென்னத் ஹோவர்டும் சகாக்களும் 1986இல் வெளியிட்ட பகுப்பாய்வில், எட்டு அமர்வுகளுக்குள் சுமார் பாதிப் பேரிடமும், 26 அமர்வுகளுக்குள் முக்கால்வாசிப் பேரிடமும் அளக்கத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. முதல் சில வாரங்களில் ஒன்றும் நடக்கவில்லை என்று பதறுவது அவசரம். எட்டு, பத்து அமர்வு தாண்டியும் யாரும் கணக்கே கேட்காமல் ஓட்டுவது அலட்சியம்.

இனி நம்மூர்ச் சிக்கல். “நான் என்ன பண்ணணும், சொல்லுங்க டாக்டர்” என்று கேட்டால், “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேள்வி திரும்பி வருகிறது. வந்தவர் நொந்துபோகிறார். குரு–சீடர் உறவையே சிகிச்சைக்கு ஒரு மாதிரியாகக் கொள்ளலாமா என்று மனநல மருத்துவர் ஜஸ்வந்த் சிங் நேகி 1973இலேயே எழுதிப் பார்த்தார். அந்த யோசனையில் எனக்கு முழு உடன்பாடில்லை; குருவிடம் கணக்குக் கேட்க முடியாது. ஆனால் அவர் தொட்ட இடம் சரியானது. வழிகாட்டுதலை எதிர்பார்த்து வருகிறவரிடம் மௌனத்தை மட்டும் கொடுத்து அதற்குச் சுயசிந்தனை என்று பேர் வைப்பது நியாயமில்லை.

கோவாவில் நடந்த ஒரு சோதனை இங்கே நிறைய சொல்கிறது. விக்ரம் பட்டேல் குழுவினர் 2017இல் லான்செட்டில் வெளியிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடும் மனச்சோர்வாளர்களுக்கு, உளவியல் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தினார்கள். அறிவுரை மழையும் இல்லை, மௌனமும் இல்லை: விட்டுப்போன வேலைகளில் எதை இந்த வாரம் மறுபடி தொடங்குவது என்று இருவரும் சேர்ந்து திட்டம் போட்டார்கள். மூன்று மாதத்தில் இந்த அமர்வுகளுக்கு வந்தவர்களில் 64 சதவீதத்தினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பை மேம்படுத்தியதோடு நிறுத்திய பிரிவில் 39 சதவீதம். இதை வைத்துப் பட்டமே வேண்டாம் என்று வாதிடுவார்கள், அது தப்பு. அந்த ஆலோசகர்கள் வகுத்துத் தரப்பட்ட முறையில், கண்காணிப்பின் கீழ் வேலை செய்தவர்கள். வார இறுதிச் சான்றிதழோடு ‘கவுன்சலர்’ பலகை மாட்டுகிறவருக்கு இரண்டுமே கிடையாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருந்தால், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ரகசியம் பற்றி ஒரு வார்த்தை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை உரிமையாகவே தருகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற விலக்குகள் உண்டு. நடைமுறையில் பிரச்சினை சட்டத்தில் இல்லை, கூட வந்த அம்மாவிடம் இருக்கிறது. 25 வயது மகளிடம் கேட்ட கேள்விக்கு அம்மா பதில் சொல்லிக்கொண்டிருப்பார். “அம்மா, நீங்க கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்க” என்று முதல் நாளே சொல்லத் தெரிந்தவர் என் பார்வையில் பாதித் தேர்வில் தேறிவிட்டார்.

‘ஒத்துப்போவது’ பற்றியும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். உறவு நன்றாக இருந்தால் பலனும் கூடுகிறது என்பது நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவுதான். ஆனால் இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு எண் (correlation) 0.28 அளவிலேயே நிற்கிறது. புறக்கணிக்க முடியாதது, போதுமானதும் அல்ல. எட்வர்ட் போர்டின் 1979இல் இந்த உறவை மூன்றாகப் பிரித்தார்: இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, பிணைப்பு. நாம் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு “ரொம்ப ஸ்வீட்டா பேசுறாங்க” என்று வாரா வாரம் போகிறோம்.

ஆக, என் தீர்ப்பு இது. முதல் அமர்வின் உணர்வை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒழுக்க உபதேசம் செய்கிறவர், சாதி விசாரிக்கிறவர், வீட்டுக்குப் போன் போடுகிறவர் விதிவிலக்கு, அங்கேயே எழுந்துவிடலாம். மூன்றாவது அமர்வு முடியும்போது, எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்ன செய்கிறோம் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியவேண்டும். எட்டாவதற்குள் அந்த ஒன்பது கேள்வித் தாளை மறுபடி நிரப்பிப் பாருங்கள். எண் அசையவில்லை என்றால் முறையை மாற்றச் சொல்லுங்கள். முடியாது என்றால் ஆளை மாற்றுங்கள்.

சிறுவயதுக் கொடுமைகளோடு வருகிறவர்களுக்கு இந்தக் கெடு பொருந்தாது. அது நீண்ட வேலை. காதில் குரல் கேட்கிறவர்களும் சாகும் திட்டத்தோடு இருக்கிறவர்களும் முதலில் பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை. அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் இரவிலும் ஆள் கிடைப்பார்கள்.

தெரபி தொடங்கியவர்களில் ஐந்தில் ஒருவர் பாதியில் நின்றுவிடுகிறார் என்கிறது 2012இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. பெரும்பாலோர் சொல்லிக்கொள்ளாமல் நிற்பவர்களாகத்தான் இருப்பார்கள். அப்படி நிற்பதைவிட இன்னும் ஒருமுறை போய், “எனக்கு இது பலிக்கவில்லை” என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பார்க்கலாம். அதைக் கேட்டு அவர் முகம் சுளிக்கிறாரா, நோட்டை எடுத்து ஏன் என்று கேட்கிறாரா என்பதிலேயே தொடர்வதா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.