ரஸ்ஸலை வாசித்த அம்பேத்கர்

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் சமூகப் புனரமைப்பின் கோட்பாடுகள் பற்றி ஒரு நூல் எழுதினார். மனிதன் லாபநட்டக் கணக்குப் போட்டுப் போருக்குப் போவதில்லை, உள்ளுந்துதலால் போகிறான் என்பது அவர் வாதம். 1918இல் அதற்கு மதிப்புரை எழுதினார் அம்பேத்கர். முந்தைய வருசம்தான் பரோடாவில், தங்கியிருந்த விடுதியிலிருந்து தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியிருந்தது.

ரஸ்ஸலை அவர் மதிக்கிறார். ஆனா ஒரு பயம்: போரை எதிர்க்கும் இந்த நூலை, சும்மா கிடப்பதே மேன்மை என்று பேசும் நம்மவர்கள் சாட்சிக்கு இழுத்துவிடுவார்களே! அதனால் ஆற்றலாகிற விசை வேறு, வன்முறையாகிற விசை வேறு என்று பிரிக்கிறார் (டூயியின் மாணவர் அல்லவா). செயலற்றுக் கிடப்பது அவருக்கு அமைதியல்ல, சாவு.

போருக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம் என்பவர்கள் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தைப் பார்க்கலாம். 2018 ஜூலையில் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கசாதிப் பெற்றோர் திரண்டார்கள். அவர் சமைத்தால் யாருக்கு என்ன நட்டம்? பைசா நட்டமில்லை. ரஸ்ஸல் சொன்ன உந்துதல்தான். ஆனால் அது எங்கிருந்து வருகிறது? கருவிலேயே வருவதில்லை, ஊர் ஊட்டி வளர்க்கிறது. மனசை மட்டும் தோண்டுகிற உளவியல் இந்த இடத்தில் நின்றுபோகிறது.

அதிகாரிகள் கண்ட சமாதானம் என்ன? அந்த அம்மாவை இடம் மாற்றினார்கள். அடித்தவனும் அடிபட்டவனும் மோதினால், அடிபட்டவனைக் கிளப்பிவிடுவதற்கு இங்கே அமைதி என்று பெயர். நம் மக்கள் போராடிய பிறகுதான் மாறுதல் ரத்தானது, வன்கொடுமை வழக்கும் பதிவானது. அம்பேத்கர் சொன்ன ஆற்றல் இதுதான்.

பணத்தாசை மனிதரைச் சுருக்கிவிடும் என்று ரஸ்ஸல் சொல்வதை அம்பேத்கர் அப்படியே விடவில்லை. பணம் எதற்காகத் தேடப்படுகிறது என்று கேட்கிறார். பண்ணையத்தை விட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்தவரைக் கேளுங்க. ஒன்றரை ஷிப்ட் இடுப்பை ஒடிக்கும், அதில் பெருமை ஒன்றுமில்லை. ஆனால் சனிக்கிழமை சம்பளத்தை யார் வாசலிலும் துண்டை இடுப்பில் கட்டி நின்று வாங்க வேண்டியதில்லை. இதைப் பேராசை என்று எழுத லண்டன் பிரபுக் குடும்பத்துப் பிள்ளையால்தான் முடியும்.

1979இல் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட அம்பேத்கர் தொகுதியின் முதல் நூலிலேயே இந்த மதிப்புரை இருக்கிறது. சாதி ஒழிப்பைப் படிக்கிற நம் வாசகர் வட்டங்கள் அதே நூலில் உள்ள இந்தச் சில பக்கங்களை ஏன் தாண்டிப் போகின்றன?