‘லெங்த்ஸ்’: ஆர் மொழியின் எண்ணும் அழகை ரசிப்பது எப்படி?

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஆர் என்னும் புள்ளியியல் மொழியில், எண், சொல், அட்டவணை என வகை வேறுபாடின்றி எதையும் ஒன்றாகச் சேர்த்து வைக்க உதவும் அமைப்பு லிஸ்ட் எனப்படும். அதன் உறுப்புகள் அளவிலும் ஒத்திருக்க வேண்டியதில்லை என்பதால், எது எவ்வளவு நீளம் என்று அறிவதே தரவோடு பழகுவதன் முதல் படியாகிறது.

‘லெங்த்’ என்னும் செயற்கூறு உறுப்புகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்ல, ஈற்றில் ‘எஸ்’ சேர்ந்த ‘லெங்த்ஸ்’ ஒவ்வோர் உறுப்பின் நீளத்தையும் வரிசையாகத் தருகிறது. 1 முதல் 5 வரையிலான எண்கள், ‘தமிழ்’ என்னும் சொல், ‘நல்’ எனப்படும் வெறுமை ஆகிய மூன்றையும் ஒரு லிஸ்டில் இட்டால், முன்னது 3 என்றும் பின்னது 5, 1, 0 என்றும் விடை தரும். சொல்லுக்குக் கிடைத்த 1 எழுத்துக் கணக்கன்று. முழுச் சொல்லும் ஒரே மதிப்பு என்பது இம்மொழியின் கொள்கை. எழுத்தெண்ணுவது ‘என்கார்’ என்னும் செயற்கூறின் வேலை. அதுவும் இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே கணக்கிட்டுத் ‘தமிழ்’ என்பதற்கு 5 என்றே சொல்லும். ‘லெங்த்ஸ்’ தந்த மூன்று விடைகளில் மிக அழகியது அந்த 0. விடுபட்ட மதிப்பைக் குறிக்கும் ‘என்ஏ’ 1 என்றே எண்ணப்படும். அங்கே இடம் இருக்கிறது, மதிப்புதான் தெரியவில்லை. ‘நல்’லுக்குள்ளோ இடமே கிடையாது.

2015இல் வெளிவந்த 3.2.0 பதிப்பில்தான் ‘லெங்த்ஸ்’ சேர்ந்தது. அதற்கு முன் ‘லெங்த்’தை ஒவ்வோர் உறுப்பின்மீதும் செலுத்த ‘எஸ்அப்ளை’ பயன்பட்டது. உறுப்பே இல்லாத லிஸ்டுக்கு அது எண்வரிசைக்குப் பதிலாக வெற்று லிஸ்டையே திருப்பித் தருவதால், அதைக் கூட்ட முனைந்தால் பிழை எழும். ‘லெங்த்ஸ்’ தரும் வெற்று எண்வரிசையின் கூட்டலோ 0 என்று அமைதியாக முடியும்.

இதன் முழு நயத்தை நூலகப் பதிவு ஒன்றில் காணலாம். ஒவ்வொரு வாசகர் பெயரிலும் அவர் எடுத்த நூல்கள் ஓர் உறுப்பாக லிஸ்டில் இருக்கையில், நூல்களை ‘அன்லிஸ்ட்’ ஒரே வரிசையாக விரிக்க, ‘லெங்த்ஸ்’ தந்த எண்ணிக்கைப்படி ‘ரெப்’ பெயர்களைத் திரும்பத் திரும்ப எழுத, இரண்டும் பிசகின்றி அருகருகே அமைந்து அட்டவணையாகின்றன. நூல் எதுவும் எடுக்காதவரின் பெயர் அவ்வட்டவணையில் வராது. அவரும் வாசகரே என்பதற்கு ‘லெங்த்ஸ்’ வரிசையில் அவர் பெயருக்குக் கீழ் நிற்கும் 0 சான்றாகிறது.