‘எபியூசியோஸ்’: வழக்கற்ற சொல்லும் பொருட்சிக்கலும்

சொற்பொருளை நிறுவுவது வழக்காறேயன்றி வேர் அன்று என்பர். வழக்காறே கிட்டாத சொல்லொன்று எதிர்ப்படின் யாது செய்வது? ‘எபியூசியோஸ்’ அத்தகையது. கர்த்தர் கற்பித்த செபத்தில், மத்தேயு, லூக்கா ஆகிய இருவரும் ‘அப்பம்’ என்பதற்கு அடையாக வழங்கும் இச்சொல் அவர்களுக்கு முந்திய கிரேக்க நூலெதிலும் காணப்படவில்லை. அறிஞர் எழுத்திலும் பொதுமக்கள் பேச்சிலும் இஃது இல்லை, நற்செய்தியாளரே ஆக்கினர் போலும் என 3ஆம் நூற்றாண்டிலேயே ஒரிகன் எழுதினார். கிரேக்கத்திலேயே சிந்தித்து எழுதியவரின் கூற்று இது என்பது கருதற்பாலது.

ஒரிகன் இதனை ‘எபி’, ‘ஊசியா’ (உள்பொருள், இருப்பு) எனப் பிரித்தார். அவ்வழிச் சென்ற ஜெறோம் தமது இலத்தீன் மொழிபெயர்ப்பில் மத்தேயுவுக்குப் ‘பொருண்மைக்கு மேலான’ என்று எழுதி, லூக்காவில் ‘அன்றாட’ என்றே விட்டுவிட்டார். ஒரே சொல், ஒரே செபம், ஈர் உரை! ஒருவகையில் இது நேர்மையான தடுமாற்றமே.

1889இல் நிலைமை மாறியதுபோல் தோன்றிற்று. எகிப்திற் கிடைத்த பப்பிரசுத் தாளொன்றின் செலவுக் கணக்கில் இச்சொல்லின் முற்பகுதி உள்ளதெனச் செய்ஸ் என்னும் அறிஞர் படித்து வெளியிட்டார். ‘நாட்படி’ என்ற பொருள் அதனால் வலுப்பெற்றது. மூலத்தாளோ காணாமற்போயிற்று, எனினும் அவ்வொரு வாசிப்பைச் சான்றாகக் கொண்டு ஆய்வாளர் பலர் வாதித்தனர். 1998இல் யேல் பல்கலைக்கழகத்தில் அத்தாள் மீண்டும் இனங்காணப்பட்டது. அதில் இருந்தது ‘எலாயூ’, அதாவது எண்ணெய்! நூறாண்டுச் சான்று எண்ணெய்க் கணக்காய் முடிந்தது.

எஞ்சுவது வேராய்வே. ‘ஊசியா’வோடு புணர்ந்திருப்பின் ‘எபி’யின் ஈற்று இகரம் கெடுவதே இயல்பு, விதிவிலக்குகள் சில உண்டெனினும் அவற்றை இங்கு துணைக்கழைக்க வேண்டியதில்லை. ‘வந்தடைதல்’ என்னும் வினையின் அடியாகப் பிறந்த ‘எபியூசா’ அடுத்த நாளைக் குறித்து அப்போஸ்தலர் நடபடிகளிலேயே வருகின்றது. எபிரேயர் நற்செய்தி என்னும் நூலில் இவ்விடத்து ‘மாகார்’, அதாவது ‘நாளை’, எனக் கண்டதாக ஜெறோமே குறித்துள்ளார். எனவே ‘வரும் நாளுக்குரிய’ என்பதே பொருந்துமென்பது எம் கருத்து. நாளையைக் குறித்துக் கவலற்க என அதே அதிகாரம் கூறுகின்றதே எனின், கேட்டுப்பெறுதல் கவலைப்படுதலாகாது.

தமிழில் இச்செபத்தைச் சொல்வோர் ‘அனுதின’ என்றும் ‘வேண்டிய’ என்றும் இருவேறாகச் சொல்லி வந்துள்ளனர். முன்னது இலத்தீன் லூக்காவின் வழி. பின்னது ‘ஊசியா’வைப் பிழைப்புக்குரியதெனக் கொண்ட உரையோடு இயைவது. ‘நாளை’ இரண்டிலும் இல்லை.