தாதும் தாமரையும்: ஊரை வடிவாக்கும் அருவ ஓவியம்

நகரின் தெருக்களையும் மனைத்தொகுதிகளையும் கோடு, சதுரம், வண்ணப்பரப்பு என்னும் இவையாகச் சுருக்கித் தீட்டும் அருவ ஓவியத்தைக் கண்ட அளவில் ‘பொருளற்றது’ என ஒதுக்குவார் பலர். ‘நம் வாயிற்கோலத்தில் இல்லாத புதுமையோ’ எனப் பெருமை பேசி அமைவாரும் உளர். இரு சாராரும் ஓவியத்தை நின்று பார்த்தாரல்லர். ஊரை வடிவாக்கிய பின்னர் ஊர் எஞ்சுகின்றதா, எஞ்சுமாயின் எதனால் எஞ்சுகின்றது என்னும் வினாவினை இரண்டு ஓவியர்தம் படைப்புகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அளவுகோல் ஒன்று வேண்டும். தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்று கூறி, அவை முறையே ஒன்றின் ஒன்று சிறந்தன என்பர். நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, மரம், புள், பறை, தொழில் முதலாயின கரு. பின் வந்த நம்பியகப்பொருள் ஊரினையும் மக்களையும் கருவினுள் அடக்கும். முதலும் கருவும் இன்றியும் பாட்டு அமையலாம், உரியின்றி அமையாது. இவ்விலக்கணம் பாட்டிற்கு உரியதன்றோ, ஓவியத்தின்மேல் ஏற்றுதல் முறையோ எனின், ஓவியர் இதனை அறிந்து வரைந்தார் என யாம் கூறவில்லை. பார்க்கும் நமக்கு இது கண்ணாடியாகப் பயன்படும் என்பதே எம் கருத்து. அருவ ஓவியன் முதலில் நீக்குவது கருவினை. மாந்தரும் மரமும் மாடும் படத்தினின்று போய்விடுகின்றன. எஞ்சிய நிலத்தையும் பொழுதையும் கொண்டு அவன் உரியினைக் காட்டினானா என்பதே நாம் கேட்கத்தக்க கேள்வி.

ஊரை ஒரு வடிவாகக் காணுதல் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. நெடுநல்வாடை, மனை வகுப்போர் நிழல் கொண்டு திசையறிந்து கயிறிட்டு அளந்ததனைப் பாட்டின் பொருளாகவே கொள்கின்றது. பெரும்பாணாற்றுப்படை கச்சியைத் தாமரைக்கு ஒப்பிடும். பரிபாடல் திரட்டில் மதுரை பற்றிய பகுதியோ இன்னும் நுட்பமுடையது. ஊர் தாமரைப்பூ, தெருக்கள் அதன் இதழ்கள், நடுவிலுள்ள கோயில் பொகுட்டு. இவ்வளவில் புலவர் நின்றிருப்பின் அஃது ஒரு நகரமைப்பு வரைபடமாகவே முடிந்திருக்கும். அவர் மேலும் சென்று, ஊர்வாழ் தமிழ்க்குடிகளைப் பூந்தாது என்றும், பரிசில் நாடி வருவோரைத் தாதுண்ணும் பறவைகள் என்றும் கூறுகின்றார். மக்கள் முகமிழந்து துகளாகச் சிறுத்துவிட்டனர். ஆயினும் பூவின் உயிர்ப்பு அத்துகளிலேதான் உள்ளது. வடிவாக்குதல் என்பது மக்களை அழித்தல் அன்று, அவர்களை உரிய அளவிற்குச் சிறுமைப்படுத்தி இயங்கவிடுதலும் ஆகும் என்பதற்கு இதனின் மேற்பட்ட சான்று யாம் அறியோம்.

இனி, டச்சு ஓவியர் பீட் மாண்ட்ரியனை (1872–1944) நோக்குவாம். போர்க்காலத்தில் இலண்டனை விட்டு 1940ஆம் ஆண்டு நியூயார்க் சென்று சேர்ந்த இவர், 1942–43இல் தீட்டியது ‘பிராட்வே பூகி வூகி’ என்னும் ஓவியம். பக்கம் 127 சென்டிமீட்டர் கொண்ட சதுரம் அது. அதற்கு முன் இருபது ஆண்டுகளாக இவர்தம் ஓவியங்களைக் கட்டி நிறுத்திய கருங்கோடுகள் இதன்கண் இல்லை. மஞ்சட்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்ல, அவற்றின்மீது சிவப்பும் நீலமும் சாம்பலுமாகச் சிறுசதுரங்கள் ஓடுகின்றன. நியூயார்க்கில் இவர் வண்ணத்தாள் நாடாக்களைத் துணிமேல் ஒட்டியும் பெயர்த்தும் கோட்டின் இடத்தைத் தேர்ந்தார் என்பது அறியத்தக்கது. கயிறிட்டு மனை வகுத்தோர் செயலே நினைவிற்கு வருகின்றது. இவ்வோவியம் தெருப்படம் அன்று. இதனைக் கைக்கொண்டு பிராட்வேயில் வழி தேட இயலாது. ஆயின் அச்சிறுசதுரங்கள் விட்டுவிட்டு ஒளிர்தலில் நகரின் நடையும் இவர் விரும்பிய இசையின் தாளமும் உள்ளன. அவற்றைத் தாது என்று அழைப்பதில் எமக்குத் தயக்கம் இல்லை. கோடுகளை மட்டும் வரைந்து சதுரங்களை விட்டிருப்பின், இதழ் இருந்து தாது இல்லாப் பூவாக இவ்வோவியம் நின்றிருக்கும்.

இந்தியாவில் இதற்கு நேர்மாறான நெறியிற் சென்றவர் இராம் குமார் (1924–2018). பாரிசில் ஓவியம் பயின்ற இவர் இந்தியில் சிறுகதையும் எழுதியவர். 1950களில் இவர் வரைந்தவை நகரத்து எளிய மாந்தரின் துயர்தோய்ந்த உருவங்கள். 1960ஐ ஒட்டி எம். எப். உசேனுடன் காசி சென்று வந்தபின் அம்மாந்தர் மறைந்தனர். ஆற்றங்கரையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிய வீடுகள் பழுப்பும் சாம்பலுமான கட்டங்களாயின. பின்னர் அக்கட்டங்களும் தளர்ந்து வெறும் நிலப்பரப்புகளாக விரிந்தன. காசியோ மக்கள் நெரிசலுக்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூரில் ஒருவரையும் காட்டாமை பிழையாகுமோ? ஆகாது என்பதே எம் துணிபு. இங்குக் கரு முற்றும் நீங்கியதனாலேயே நிலையாமை என்னும் உரி வெளிப்படுகின்றது. மாங்குடி மருதனாரும் மதுரைக்காஞ்சியில் நிலையாமையைத்தான் நெடுஞ்செழியனுக்கு உணர்த்த முற்பட்டார். அவர் 782 அடிகளில் அங்காடியும் விழவும் அல்லங்காடியும் நிரப்பி, நிறைவின் வாயிலாக அதனைக் கூறினார். இராம் குமார் வெறுமையின் வாயிலாகக் கூறுகின்றார். எனினும் இவர்தம் பிற்கால ஓவியங்கள் சிலவற்றில் தலைப்பினை நீக்கிவிடின் காசியைக் காண்டல் அரிது. உரி நின்றது, முதல் நழுவியது. இக்குறையை இவரைப் போற்றுவோர் பெரும்பாலும் பேசுவதில்லை.

சென்னை ஓவியர்பால் இம்முயற்சி அருகியே காணப்படுகின்றது. கே. சி. எஸ். பணிக்கர் எழுத்தையும் சாதகக் கட்டத்தையும் ஒத்த குறிகளைக் கொண்டு அருவம் படைத்தார்; 1966இல் அவர் முன்னின்று அமைத்த சோழமண்டலத்தாரும் குறி, எந்திரம், நாட்டுப்புற வடிவு ஆகியவற்றையே மிகுதியும் நாடினர். தெரு அவர்களை ஈர்க்கவில்லை போலும். மதுரையில் ஆடி, சித்திரை, ஆவணிமூலம், மாசி எனச் சதுரத்துள் சதுரமாக வீதிகள் திங்களின் பெயரால் நிற்கின்றன. நிலமும் பொழுதும் ஒரே கோட்டில் இணைந்த இவ்வமைப்பினும் சிறந்த முதற்பொருள் ஓர் அருவ ஓவியனுக்கு எங்குக் கிடைக்கும்? சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடும் முரணே ஓர் ஓவியத்திற்குப் போதும்.

தருமபுரியில் இருந்து எழுதும் எமக்கு வேறொரு வினாவும் எழுகின்றது. அதியமானின் தகடூருக்குத் தாமரை உவமை பொருந்தாது. அதன் முற்றுகையைப் பாடிய தகடூர் யாத்திரையும் சிதறிய பாடல்களாகவே கிடைத்துள்ளது. இன்றைய ஊரின் நடுவாக மக்கள் சுட்டுவது கோயிலையன்று, ‘நான்கு ரோடு’ சந்திப்பை. இம்மாவட்டத்தார் பலர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிவேலைக்குச் செல்வோர். இங்குத் தாது இதழிடை தங்குவதில்லை. இதன் உரி பிரிவு. பொகுட்டின்றி நான்கு திசையும் நீளும் கோடுகளை வரைய முற்படும் ஓவியன், அவற்றின்மேல் ஓடும் சிறுசதுரங்கள் எப்பக்கம் அடர்ந்து எப்பக்கம் அருகும் என்பதை விழாநாள் மாலையிலும் மறுநாட் காலையிலும் பேருந்து நிலையத்தில் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.