பூவரசம்பூவும் காகிதக் கொடியும்

டிசம்பர் 7 நெருங்கினால் செங்கல்பட்டுப் பக்கத்துப் பள்ளிகளிலும் கொடிநாள் வசூல் தொடங்கிவிடும். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என முப்படைகளின் நிறத்தில் சின்னக் காகிதக் கொடி. வீட்டில் கேட்டு வாங்கிவந்த காசை உண்டியலில் போட்டுவிட்டுப் பிள்ளைகள் அதைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். 1949 முதல் உள்ள வழக்கம். பணம் இறந்த வீரர்களின் குடும்பங்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் போகிறது. நல்ல காரியம்தான். ஆனால், "இது யாருக்காக?" என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை.

அக்கரையில் இந்தக் கேள்வி எப்போதோ எழுந்துவிட்டது. முதல் உலகப்போர் முடிந்த நாளான நவம்பர் 11 அன்று இலங்கையில் பாப்பி மலர் விற்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் அந்தப் பணத்தில் பெரும்பங்கு பிரிட்டனுக்குப் போயிற்று. உள்ளூர்ப் படைவீரர்களுக்குக் கிடைத்தது சொற்பம். 1931இல் அதற்குப் போட்டியாகச் சூரியமல் விற்பனை தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளைப் பாப்பி வாங்க வைப்பதைக் கண்டித்து 1933இல் நாளிதழில் எழுதியவர், டொரின் யங் என்ற ஆங்கிலேயப் பெண். சூரியமல் என்பது வேறொன்றுமில்லை, பூவரசம்பூ. மாமல்லபுரம் கடலோரத்துப் பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுகிற மரம்தான்.

உள்நாட்டுப் போர் முடிந்த 2009க்குப் பிறகு அத்தீவில் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. மே 19 தெற்கில் அரசின் போர்வீரர் நாள். அதற்கு முந்தைய நாள் வடக்கில், போரின் முடிவில் மாண்ட மக்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி. நவம்பர் 27 வந்தால் மாண்ட புலிகளான மாவீரர்களுக்குச் சுடர் ஏற்றுகிறார்கள். அவர்களின் துயிலும் இல்லங்கள் பல இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டவை. அங்கே பிள்ளை யாரை நினைப்பது என்று கற்கும்போதே யாரை நினைக்கக்கூடாது என்றும் கற்றுக்கொள்கிறது.

நமக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பறங்கிமலையில் பயிற்சி பெற்ற தமிழர். இந்திய அமைதிப்படையில் சென்று 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் இறந்தார். பரம்வீர் சக்கரம் பெற்றார். அப்படையில் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டார்கள். அவர்களுக்கான நினைவுச்சின்னம் கொழும்பை அடுத்த கோட்டையில் நிற்கிறது. தமிழர் மண்ணில் தமிழர் ஒருவர் யாரோடு போரிட்டு இறந்தார் என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? அந்தத் தயக்கத்தில்தான் பெயரை விட்டுவிட்டுக் கொடியை மட்டும் நீட்டுகிறோம்.

நம் முன்னோர் தயங்கவில்லை. நடுகல்லில் வீரனின் உருவத்தையும் பெயரையும், அவன் எந்தப் பூசலில், யாருக்காக விழுந்தான் என்பதையும் வெட்டினார்கள். ஆநிரை கவர்ந்தவனுக்கும் கல் உண்டு, மீட்டவனுக்கும் உண்டு. ஆனால் மாமல்லனான பல்லவ மன்னன் நரசிம்மவர்மன், இலங்கை இளவரசன் மானவர்மனுக்காக அத்தீவுக்கு இருமுறை படை அனுப்பியதை அந்நாட்டு வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அப்படையில் மாண்டவர்களில் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை.

இந்த டிசம்பரில் தாம்பரத்துப் பள்ளியொன்றில் கொடியோடு ஒரு பெயரும் கொடுக்கலாம். அசோகச் சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் அவ்வூர்க்காரர்தான். அவரைப் பற்றிய 'அமரன்' படம் பார்த்த பிள்ளைகளுக்கு அறிமுகமும் தேவையில்லை. அடுத்த ஆண்டு பரமேஸ்வரனின் பெயரைக் கொடுக்கலாம். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்.