மூன்று சுற்று

பரளச்சிக் கரிசல் காடு கண்ணுக்கெட்டிய மட்டும் தரைமட்டம். புருஷனைத் தள்ளிவிட ஒரு குன்று தேறாது. குண்டலகேசியை இங்கே படமெடுத்தால் கிணற்றுமேடுதான் கதி.

நாதகுத்தனாரின் அந்தக் காப்பியத்தில் நமக்கு மிஞ்சியவை சில பாடல்களே. கதையைக் காப்பாற்றித் தந்தது, அதை மறுக்க வந்த 'நீலகேசி' என்னும் நூலின் உரை. அதுவே ஒரு வேடிக்கை! வணிகன் மகள், கொலைக்களம் போன கள்வனை மீட்டு மணக்கிறாள். ஊடலில் 'கள்வன்' என்று வாய்தவறுகிறாள்; அவன் கறுவிக்கொண்டு மலையுச்சிக்கு அழைத்துப்போகிறான். சாகுமுன் கணவனை வலம்வர அனுமதி கேட்கிறாள். இவனும் கும்பிடு வாங்கும் சாமி மாதிரி விறைத்து நிற்கிறான். எனக்குப் பிடித்தது அந்த விறைப்புதான். மூன்றாம் சுற்றில் முதுகுப்பக்கம் வந்தவள் தள்ளிவிடுகிறாள். பதிவிரதைச் சடங்கே ஆயுதம். பிறகு பௌத்தத் துறவியாகி, ஊர் ஊராய் வாதுக்கும் போகிறாள்.

தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011) படத்தில் வரும் சுப்புவும் இவள் வம்சமே. காதலிப்பதாகத் தான் நம்பவைத்த சப்பை என்பவனைச் சுட்டுவிட்டுப் பணத்தோடு நடக்கிறாள். துப்பாக்கி சட்டென்று முடித்துவிடுகிறது. சுற்றிவரும் நேரத்தில் இருக்கும் சிரிப்பு அதில் கொஞ்சம் குறைச்சல்தான்.